தொட்டாச்சிணுங்கியைத் தொடவே கூடாதா?

கேள்வி: வணக்கம் அக்கா. நாங்க முன்ன எஸ்டேட் லயத்துல இருந்தவங்க, இப்ப சுங்கை சிப்புட்ல தாமான் வீடு. ஒரே பொண்ணு, 19 வயசு, எஸ்பிஎம் (அஞ்சாம் பாரம்) பரீட்ச முடிச்சிட்டு கல்யாண கார்டு அடிக்கிற கடையில வேலை. கோலம், படம்னா அவள அடிச்சிக்க ஆளில்ல. ஆனா சரியான தொட்டாச்சிணுங்கி. போன மாசம் அவ மாமா வந்தாரு, சுவத்துல அவ வரைஞ்ச மயிலப் பாத்துட்டு "இதெல்லாம் சோறு போடுமா லா"ன்னு சிரிச்சாரு. இவளும் சிரிச்சா, தேத்தண்ணி கலக்கிக் கொடுத்தா. அவரு மோட்டார் கேட்டத் தாண்டுனதும் ரூமுக்குள்ள போனவதான், ரெண்டு நாளு பேச்சில்ல. மூணாவது நாளு மயிலு மேல வெள்ளப் பெயிண்ட் அடிச்சிட்டா. என்னாடி கோவம்னா "ஒன்னுமில்லமா"ங்கிறா. ஃபோன்ல ஏதோ டெஸ்ட்டக் காட்டி "நான் ஐஎன்எஃப்பி டைப்பு, இப்படித்தான் இருப்பேன்"ங்கிறா. இது வியாதியா அக்கா?

பதில்: வியாதி இல்ல தங்கச்சி, பயத்த விடுங்க. சுவிட்சர்லாந்து மனநல டாக்டர் கார்ல் யுங் 1921-ல மனுசங்க சுபாவத்த வகை பிரிச்சு எழுதுனாரு, அத வச்சு அமெரிக்காவுல கேத்தரின் பிரிக்ஸ்னு ஒரு அம்மாவும் அவங்க மக இசபெல் மயர்ஸும் 16 வகையாக்கி ஒரு கேள்வித்தாள் போட்டாங்க, ரெண்டு பேருமே உளவியல் படிச்சு பட்டம் வாங்குனவங்க இல்ல. ஃபோன்ல வர்ற டெஸ்ட்டெல்லாம் அதோட சாயல்தான். உங்க பொண்ணு சொல்ற நாலு எழுத்துக்கு அர்த்தம், கூட்டத்த விட தனியா இருக்கப் புடிக்கும், கண்ணுக்குத் தெரியிறத விட அதுக்குப் பின்னால உள்ளத யோசிக்கும், மனசுக்கு சரின்னு பட்டத வச்சு முடிவெடுக்கும், திட்டம் போட்டு இறுக்கிக் கட்டாது, அவ்ளோதான். இதே டெஸ்ட்ட கொஞ்ச வாரம் கழிச்சு எழுதுனா வேற எழுத்து வர்றவங்க நெறைய பேரு, அதனால ஆராய்ச்சிக்காரங்க இத ரொம்ப நம்புறதில்ல. ஜாதகம் மாதிரி எடுத்துக்காதீங்க, அவளையும் எடுத்துக்க விடாதீங்க.

ஆனா அந்த டைப்பப் பத்தி சொல்ற வர்ணனையில ஒன்னு உண்மைதான். இவங்க எல்லாத்துக்கும் விட்டுக் கொடுப்பாங்க, என்ன சாப்பாடு எந்தக் கடைன்னு எதுலயும் தகராறு இல்ல, நாமளும் சரி சாதுன்னு நெனச்சிடுவோம். மனசுக்குள்ள காப்பாத்தி வச்சிருக்கிற ஒன்ன தொட்டாதான் தெரியும். உங்களுக்கு அது சுவத்துல ஒரு மயிலு, அவளுக்கு அது அவளேதான். மாமா கேட்டது சோத்தப் பத்தி, அவ காதுல விழுந்தது "நீ எதுக்கு ஆவ"ன்னு. நம்ம ஆளுங்க பாசத்தையே கிண்டலாதான் காட்டுவாங்க, அதுவும் ஒரு பிரச்சனை.

தொட்டாச்சிணுங்கின்னு சொன்னீங்கல்ல, நல்ல பேருதான். கித்தாக் காட்டு (ரப்பர் தோட்டம்) ஓரமா வளருமே, சின்ன வயசுல காலால தட்டிக்கிட்டே பள்ளிக்கூடம் போவோம். தொட்டா காம்படியில இருக்கிற தண்ணி நகர்ந்து எலை மடங்கிடும், சும்மா விட்டா கொஞ்ச நேரத்துல தானா விரியும், விரியுதான்னு திரும்பத் திரும்பத் தட்டிப் பாத்தா எங்க விரியிறது? நீங்க ரெண்டு நாளும் கதவத் தட்டி "என்னாடி கோவம்"னு கேட்டது அதுதான். இன்னொன்னும் இருக்கு. 2014-ல வந்த ஒரு ஆய்வுல அந்தச் செடிய தொட்டியோட கொஞ்சம் ஒசரத்துலேர்ந்து பொத்து பொத்துன்னு திரும்பத் திரும்ப விழ வச்சாங்க, மொதல்ல மூடிக்கிச்சு, இதனால ஆபத்தில்லன்னு ஆனதும் மூடுறதையே விட்டுடுச்சு. அதுக்காக மகளப் போட்டுப் பழக்காதீங்க தாயே! எது அடி, எது வெறும் அதிர்வுன்னு அவளுக்குப் புரிய வைக்கலாம்னு சொல்றேன்.

எப்படி? ஒரு தடவ கேளுங்க, "மாமா சொன்னதுதானே வலிச்சிச்சி"ன்னு நேரா. "என்னா கோவம்"னு பொதுவா கேட்டா "ஒன்னுமில்ல"தான் வரும். அப்புறம் விட்டுடுங்க, பசியாறக் கூப்பிடுங்க, வழக்கம்போல பேசுங்க. மாமாகிட்ட அவ இல்லாதப்ப நீங்களே ஒரு வார்த்த சொல்லிடுங்க. நானும் லயத்துல வளந்தவதான், பக்கத்து வீட்டுல இருமுனா நம்ம வீட்டுல கேக்கும், பெரட்டுக்கு, அதான் காலையில ஆள் கணக்கெடுக்கிறதுக்கு, விடியறதுக்கு முன்ன எல்லாரும் ஒன்னா எழும்பணும், அங்க தனியா இருக்கணும்னு ஒருத்தி சொன்னா திமிருன்னுதான் பேரு. கதவு மூடுன ரூம்பு ஒரு தேவைன்னு நமக்குத் தோணாதது அதனாலதான்.

பொண்ணுக்கு ஒரு வார்த்த: நாலு எழுத்து உனக்கு லைசென்ஸ் இல்லம்மா. சொல்லாமலே அம்மா புரிஞ்சிக்கணும்னு எதிர்பாத்து, புரியலன்னு உள்ளுக்குள்ள ஒரு கேஸ் நடத்தி, தீர்ப்பும் எழுதிடறது உங்க கூட்டத்துக்கே உள்ள பழக்கம். "இப்ப பேச முடியல, ராத்திரி பேசறேன்"னு ஒரு மெசேஜாவது போடு.

கேள்வி: என் சம்சாரம் கவித எழுதுவா. நல்லாருக்குன்னா "சும்மா சொல்றீங்க"ங்கிறா, நல்லால்லன்னா அழுவுறா. நான் லாரி ஓட்றவன், எனக்கு என்னா தெரியும்?

பதில்: மார்க் போடாதீங்க அண்ணே. ஒரு வரியப் புடிங்க, "இதப் படிச்சப்ப எங்கம்மா ஞாபகம் வந்துச்சி"ன்னு சொல்லுங்க, வந்திருந்தா மட்டும். அவங்க கேக்கறது நீங்க படிச்சீங்களான்னுதான்.

கேள்வி: ஈப்போ கல்லுமலை தைப்பூசத்துக்குப் போனா அந்த உருமி மேளச் சத்தம், கூட்டத்துல எனக்கு தல சுத்துது, மறுநாளு படுத்துடறேன். கூட்டாளிங்க "ஆம்பளயா நீ"ன்னு ஓட்டுறாங்க. வயசு 23.

பதில்: எலேன் ஆரோன்னு ஒரு உளவியலாளர் 1990கள்லேர்ந்து இதத்தான் ஆராயறாங்க, அவங்க கணக்குல நூத்துல 15லேர்ந்து 20 பேரு இப்படி, ஆம்பளைங்களும் அதே அளவு. சத்தம், வெளிச்சம், அடுத்தவங்க மனநிலை எல்லாமே இவங்களுக்கு கூடுதலா ஏறும். திரும்பத் திரும்ப மயக்கமா வந்தா மட்டும் டாக்டரப் பாருங்க. மத்தபடி விடிகாலையிலயே சாமி கும்பிட்டுட்டு வெளிய வந்து எங்கயாச்சும் நெழல்ல உக்காருங்க. ஃபார்மசியில காதுல வைக்கிற பஞ்சு மாதிரி ஒன்னு சில வெள்ளிக்கே கிடைக்கும், மாட்டிக்கங்க, உருமி அப்பவும் நெஞ்சுல கேக்கும்.