கொலஸ்ட்ராலைக் குறைக்கும் பால், தயிர்: காசு கொடுத்து வாங்கலாமா?

கேள்வி: எல்.டி.எல் (கெட்ட கொலஸ்ட்ரால்) 148 என்று ரிப்போர்ட் வந்திருக்கிறது. "மாத்திரை இப்போது வேண்டாம், மூன்று மாதம் சாப்பாட்டில் பார்ப்போம்" என்கிறார் டாக்டர். தாவர ஸ்டீரால் (செடிகளில் இருக்கும், கொலஸ்ட்ரால் போன்ற பொருள்) சேர்த்த பாலும் தயிரும் கொலஸ்ட்ராலைக் குறைக்கும் என்று விற்கிறார்கள். விலை சாதாரணப் பாலைவிட நன்றாகவே அதிகம். இதில் விஷயம் இருக்கிறதா, வெறும் விளம்பரமா?

பதில்: விஷயம் இருக்கிறது. தினமும் 1.5 முதல் 2.4 கிராம் வரை ஸ்டீரால் எடுத்தால் எல்.டி.எல் 7 முதல் 10 சதவீதம் இறங்கும். இரண்டு மூன்று வாரத்திலேயே தெரியும். ஐரோப்பிய ஒன்றியம் லேபிளில் போட அனுமதித்திருக்கும் கணக்கும் இதுதான். உங்கள் 148-க்குப் போட்டுப் பார்த்தால் 133-க்கும் 138-க்கும் நடுவில் வரும். டாக்டர் 100-க்குக் கீழே எதிர்பார்க்கிறார் என்றால், தயிரை மட்டும் நம்பி உட்கார்ந்திருக்க முடியாது.

வேலை நடப்பது குடலில். கொலஸ்ட்ரால் உடம்புக்குள் போக வேண்டுமானால், பித்தநீர் உதவியால் உண்டாகும் நுண்துளிகளில் முதலில் ஏறியாக வேண்டும். அமைப்பில் கிட்டத்தட்ட அதே மாதிரி இருக்கும் ஸ்டீரால், துண்டு போட்டு அந்த இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. ஏற முடியாத கொலஸ்ட்ரால் மலத்தோடு போய்விடும். இடம் பிடித்த ஸ்டீராலும் நூற்றுக்கு இரண்டு பங்குக்குக் குறைவாகவே உடம்பில் சேர்கிறது.

விற்பவர்கள் சொல்லாத ஒன்றும் உண்டு. எல்.டி.எல் குறைவது நிரூபணமான விஷயம். இதைச் சாப்பிட்டவர்களுக்கு மாரடைப்பு குறைந்தது என்று காட்டிய பெரிய ஆய்வு எதுவும் இல்லை. அதனால்தான் பிரிட்டனில் சிகிச்சை வழிகாட்டுதல்களை வகுக்கும் நைஸ் அமைப்பு இதயநோயைத் தடுக்க இதைப் பரிந்துரைப்பதில்லை. ஐரோப்பிய இதயவியல் சங்கமோ, மற்றவற்றோடு சேர்த்து யோசிக்கலாம் என்கிறது. உங்களைப் போல மாத்திரைக்கு முந்தைய படியில் நிற்பவர், கைக்குக் கட்டுப்படியானால் முயன்று பார்ப்பதில் தப்பில்லை என்பது என் கருத்து.

கேள்வி: நான் முட்டை, இறைச்சி தொடுவதே இல்லை. ஸ்டீரால் தடுப்பதற்கு என் குடலில் என்ன கொலஸ்ட்ரால் இருக்கிறது?

பதில்: நிறைய இருக்கிறது. உங்கள் கல்லீரலே கொலஸ்ட்ரால் செய்து, பித்தநீர் வழியாகக் குடலில் கொட்டுகிறது. சாப்பாட்டில் வருவதைவிட அதுதான் அதிகம். ஸ்டீரால் அதையும் சேர்த்தே மறிக்கிறது.

கேள்வி: வாங்கும்போது எதைப் பார்க்க வேண்டும்?

பதில்: முன்பக்கத்து இதயப் படத்தை விட்டுவிட்டுப் பின்பக்கம் திருப்புங்கள். 'கொலஸ்ட்ரால் இல்லாதது' என்பதும் 'ஸ்டீரால் சேர்த்தது' என்பதும் வேறு வேறு. முதலாவது உங்கள் ரத்தத்தில் இருப்பதைக் குறைக்காது.

அடுத்து கிராம் கணக்கு. 'ஒரு வேளைக்கு 0.8 கிராம்' என்று பாலில் போட்டிருந்தால் நாளைக்கு இரண்டு அல்லது மூன்று டம்ளர் குடித்தாக வேண்டும். ஒரு டம்ளரோடு நிறுத்துபவர் காசு கொடுப்பது பாதி வேலைக்குத்தான். சின்ன பாட்டிலில் வரும் குடிக்கும் தயிரில் பெரும்பாலும் ஒரு நாள் அளவு முழுவதும் இருக்கும். இங்கே ஒரு சூட்சுமம்: சில லேபிள்களில் ஸ்டீரால் என்று போடாமல் 'ஸ்டீரால் எஸ்டர்' என்று போடுவார்கள். எஸ்டரில் கொழுப்பு அமிலத்தின் எடையும் சேர்ந்திருக்கும். 1.3 கிராம் எஸ்டரில் நிஜ ஸ்டீரால் 0.8 கிராம்தான்.

விலையை லிட்டருக்கு ஒப்பிடாதீர்கள். மொத்த விலையை அதிலுள்ள ஸ்டீரால் கிராமால் வகுத்துப் பாருங்கள். மலிவாகத் தெரிந்த பாக்கெட் சில சமயம் அதிக விலையாக இருக்கும். இனிப்புத் தயிராக இருந்தால் சர்க்கரை எவ்வளவு என்றும் பாருங்கள். 3 கிராமுக்கு மேல் போவதால் கூடுதல் பலன் இல்லை.

வெறும் வயிற்றில் குடிக்காதீர்கள். சாப்பாட்டோடு எடுத்தால்தான் பித்தநீர் சுரந்து ஸ்டீரால் முழுசாக வேலை செய்யும். காலையில் எழுந்ததும் ஒரு பாட்டிலைக் கவிழ்ப்பவர்கள் பாதிப் பலனை விட்டுவிடுகிறார்கள்.

கேள்வி: அப்பா ஸ்டாட்டின் மாத்திரை போடுகிறார். இதையும் கொடுக்கலாமா?

பதில்: டாக்டரிடம் சொல்லிவிட்டுக் கொடுக்கலாம். ஸ்டாட்டின் கல்லீரலின் உற்பத்தியைக் குறைக்கிறது, ஸ்டீரால் குடலின் உறிஞ்சலைக் குறைக்கிறது; இரண்டும் சேர்ந்தால் பலன் கூடும். ஸ்டாட்டின் அளவை இரட்டிப்பாக்கினாலே எல்.டி.எல் மேற்கொண்டு 6 சதவீதம் அளவுக்குத்தான் குறையும் என்பதால் இது லேசான உதவி அல்ல. ஆனால் அவர் எசெடிமைபும் சாப்பிட்டால், அந்த மாத்திரையே குடலில் கொலஸ்ட்ரால் உறிஞ்சப்படுவதைத் தடுத்துவிடுவதால் ஸ்டீராலுக்குப் பெரிதாக வேலை இருக்காது. தயிர் இருக்கிறதே என்று மாத்திரையை மட்டும் நிறுத்திவிட வேண்டாம்.

கேள்வி: ஒரே பாலை வீட்டில் எல்லோரும் குடிக்கலாமா?

பதில்: வேண்டாம். கொலஸ்ட்ரால் பிரச்சினை இல்லாதவர்களுக்கு இது தேவையில்லை. கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார்கள், ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள் தவிர்ப்பது நல்லது. சைட்டோஸ்டீராலீமியா என்ற அபூர்வமான பரம்பரைக் கோளாறு உள்ளவர்கள் தொடவே கூடாது. அவர்கள் உடம்பு ஸ்டீராலைத் திருப்பி அனுப்பாமல் சேர்த்துக்கொள்ளும். குடிக்கிறவர்களுக்கு ரத்தத்தில் பீட்டா கரோட்டின் சற்றுக் குறையலாம் என்பதால் கேரட், பூசணி, கீரை தினமும் தட்டில் இருக்கட்டும்.

கேள்வி: இரண்டு மாதம் குடித்தேன். எண் அசையவே இல்லை.

பதில்: முதலில் ஒரு நாளைக்கு எத்தனை கிராம், எத்தனை நாள் விட்டுப்போனது, சாப்பாட்டோடா என்று கணக்குப் பாருங்கள். நிறுத்தினால் பழைய அளவுக்கே திரும்பிவிடும், அதனால் விட்டு விட்டுக் குடிப்பது வீண். எல்லாம் சரியாக இருந்தும் அசையவில்லை என்றால், உங்கள் உடம்புக்கு இது எடுபடவில்லை. ஆளுக்கு ஆள் இதில் வித்தியாசம் உண்டு. சாதாரணக் கொழுப்பு நீக்கிய பாலுக்கு மாறிவிட்டு, ரிப்போர்ட்டோடு டாக்டரைப் பாருங்கள்.