ஈர மணலும் மெட்ரோ சுரங்கமும்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: மெரினாவுக்குப் போனால் என் பேரன் ஈர மணலில் கை நுழையும் அளவுக்குச் சுரங்கம் தோண்டிவிடுகிறான், கூரை விழுவதே இல்லை. மெட்ரோவுக்கு மட்டும் ஏன் அத்தனை பெரிய இயந்திரம், அழுத்தம் எல்லாம்? – மயிலாப்பூர் வாசகி ஒருவர்

பதில்: பேரன் தோண்டுவதும் சுரங்கம்தான் அம்மா. கணக்கும் ஒன்றேதான்.

ஈர மணலில் மணிகளுக்கு நடுவே கொஞ்சம் தண்ணீர், கொஞ்சம் காற்று. மணிகள் தொடும் இடங்களில் தங்கும் தண்ணீர் அவற்றை ஒன்றோடொன்று இழுத்துப் பிடிக்கிறது. இந்த இழுப்பை உறிஞ்சழுத்தம் என்போம். நிலத்தடி நீர்மட்டத்துக்கு மேலே ஒரு மீட்டர் ஏறினால் அது ஏறக்குறைய 10 கிலோபாஸ்கல் (அழுத்தத்தை அளக்கும் அலகு). ஆனால் அது முழுவதும் மண்ணுக்குப் பலமாகச் சேராது. பூஜ்ஜியத்துக்கும் ஒன்றுக்கும் இடைப்பட்ட ஓர் எண்ணால் பெருக்க வேண்டும் என்று மண் இயக்கவியல் அறிஞர் பிஷப் 1959-இல் சொன்னார். பாதி ஈரமான மணலுக்கு அதை அரை என்று வைத்து, மணிகள் ஒன்றின்மேல் ஒன்று சறுக்காமல் தடுக்கும் உராய்வைக் காட்டும் உராய்வுக் கோணம் 32 டிகிரி என்றும் எடுத்தால், கிடைக்கும் ஒட்டுத்தன்மை, அதாவது மணலை ஒட்டவைக்கும் பலம், சுமார் 3 கிலோபாஸ்கல்.

முகப்பு, அதாவது தோண்டும் முனையில் நிற்கும் மண்சுவர், முட்டு இல்லாமல் நிற்க எவ்வளவு ஒட்டுத்தன்மை வேண்டும்? வெர்மீர் என்ற ஆய்வாளரின் குழுவினர் 2002-இல் தந்த எளிய சூத்திரத்தில் இதே மணலைப் போட்டால், ஒரு கன மீட்டர் மண்ணின் எடையைச் சுரங்கத்தின் விட்டத்தால் பெருக்கி, அதில் 8 சதவீதம் என்று வருகிறது. பத்து சென்டிமீட்டர் பொந்துக்கு 0.15 கிலோபாஸ்கல்கூட வேண்டாம். பேரனிடம் இருப்பது அதைப்போல இருபது மடங்கு! ஆறரை மீட்டர் மெட்ரோ சுரங்கத்துக்கோ 9-க்கு மேல் வேண்டும். கையில் இருப்பது மூன்று. அதற்குத்தான் இயந்திரம்.

அந்த மூன்றும் நிரந்தரமல்ல. தெருவில் குழாய் பதிக்கக் காலையில் வெட்டிய பள்ளத்தைப் பாருங்கள். மணற்பாங்கான இடமானாலும் மண்வெட்டித் தடம்கூட அழியாமல் சுவர் செங்குத்தாக நிற்கும். வெயில் ஏறியதும் மேல் விளிம்பு வெளுத்து, மணல் பொலபொலவென்று உதிர ஆரம்பிக்கும். காய்ந்தாலும் போச்சு, முழுக்க நனைந்தாலும் போச்சு.

2023-இல் கலங்கரை விளக்கம் பக்கத்திலிருந்து புறப்பட்ட 'ஃபிளமிங்கோ' என்ற மெட்ரோ சுரங்க இயந்திரத்துக்கு அந்த மூன்றும் கிடையாது. கடலோரம், நீர்மட்டத்துக்குக் கீழே வேலை. அங்கே உறிஞ்சழுத்தம் பூஜ்ஜியம், தண்ணீர் வேறு உள்ளே தள்ளும். அதனால்தான் வெட்டிய மண்ணையே இயந்திரத்தின் முகப்பை ஒட்டிய முன்னறையில் நிரப்பி, அதை வெளியே எடுக்கும் திருகு கன்வேயரின் வேகத்தைக் கூட்டிக் குறைத்து எதிரழுத்தம் கொடுக்கிறார்கள்.

மண்ணை வெட்டும் கட்டர்களை மாற்ற ஆள் உள்ளே போகும்போதுதான் இந்தப் பாதி ஈர விவகாரம் உண்மையில் தலைதூக்கும். முன்னறை மண்ணைக் குறைத்துவிட்டு அழுத்திய காற்றை நிரப்புவார்கள். காற்று முகப்பிலிருந்து தண்ணீரைப் பின்னுக்குத் தள்ள, மணல் பாதி ஈரமாகிக் கொஞ்சம் பலம் பெறும். சரி, நல்லதுதானே என்றால், காற்று கசிந்துகொண்டே இருந்தால் அதே முகப்பு காய்ந்து உதிரத் தொடங்கும். அதனால் முன்கூட்டியே பென்டோனைட் என்ற களிமண் குழம்பால் முகப்பில் ஒரு படலம் கட்டுவது வழக்கம். என்னைக் கேட்டால், எதிரழுத்தக் கணக்கில் இந்த ஈரப் பலத்தைச் சேர்க்கவே கூடாது. ஆள் உள்ளே இருக்கும் நேரத்தில் கைவசம் இருக்கும் உபரி என்று வைத்துக்கொள்ளலாம், அவ்வளவுதான்.

கேள்வி: அப்படியானால் மேலே சாக்கடைக் குழாய் கசிந்தால் ஆபத்தா? – வடபழனி வாசகர்

பதில்: ஆமாம். கசிவு மண்ணின் எடையைக் கூட்டும், உறிஞ்சழுத்தத்தையும் கரைக்கும். உங்கள் தெருவுக்கு அடியில் வேலை நடக்கும்போது, மழையே இல்லாமல் சாலையில் ஈரத் திட்டு தெரிந்தால் சைட் ஆபீஸில் அன்றைக்கே சொல்லிவிடுங்கள்.