பாறை யாருடையது, கடல் யாருடையது?

கேள்வி: தென்சீனக் கடலில் சீனா கட்டிய தீவுகளின் அருகே அமெரிக்கப் போர்க்கப்பல் போவதாக அடிக்கடி செய்தி வருகிறது. பிலிப்பீன்சுக்காக அமெரிக்கா அந்தத் தீவுகளைக் கேட்கிறதா? (வாசகர், உட்லண்ட்ஸ்)

பதில்: இல்லை. பாறை யாருடையது என்பது ஒன்று. அதைச் சுற்றிய கடலில் யார் எப்படிப் போகலாம் என்பது வேறு. கப்பல் போவது இரண்டாவதற்காக.

1982ஆம் ஆண்டின் ஐநா கடல் சட்ட ஒப்பந்தப்படி (அதை உருவாக்கிய மாநாட்டை முடித்துவைத்த தலைவர் நம் சிங்கப்பூரின் டாமி கோ), கடல் பெருகும்போதும் மூழ்காத பாறைக்கு 12 கடல்மைல், அதாவது சுமார் 22 கிலோமீட்டர் எல்லைக்கடல் (அந்த நாட்டின் ஆட்சிக்குட்பட்ட கடல்) உண்டு. வற்றும்போது மட்டும் தலைகாட்டும் திட்டு, கரையிலிருந்து தள்ளி இருந்தால், அதற்கு அது கிடையாது. மண் கொட்டி ஓடுபாதை போட்டாலும் அதிகபட்சம் 500 மீட்டர் பாதுகாப்பு வளையம்தான். சீனா தீவாக்கிய மிஸ்சீஃப் திட்டு இந்த வகை.

அடுத்தவர் எல்லைக்கடலில் போர்க்கப்பல் நிற்காமல், ஹெலிகாப்டரைக் கிளப்பாமல், பயிற்சி செய்யாமல் கடந்துபோக வேண்டும். 2017 மே மாதம் 'டூயி' என்ற அமெரிக்கக் கப்பல் மிஸ்சீஃபின் 12 கடல்மைலுக்குள் போய், கடலில் விழுந்தவரை மீட்கும் பயிற்சியை நடத்தியது. 'இங்கே எல்லைக்கடலே இல்லை' என்று சொன்னது அந்தப் பயிற்சிதான். பேசாமல் நேரே போயிருந்தால் சீனாவின் கோரிக்கையை ஒப்புக்கொண்டது போலாகியிருக்கும். 2015இல் சுபி திட்டைக் கடந்த 'லாசன்' கப்பல்மீது இந்தக் குறைதான் சொல்லப்பட்டது. அமெரிக்கா இந்த ஒப்பந்தத்தில் இன்னும் சேராதது அதன் வாதத்தில் பெரிய ஓட்டை.

எங்களுக்குக் கவலை தருவது, சீனாவும் பிலிப்பீன்சும் உரிமை கோரும் செகண்ட் தாமஸ் திட்டு. 1999இல் பிலிப்பீன்ஸ் வேண்டுமென்றே தரைதட்ட வைத்த 'சியரா மாட்ரே' கப்பல் அங்கே துருப்பிடித்து நிற்கிறது. அது இன்றும் கடற்படைக் கப்பல். அதை ஆயுதத்தால் தாக்கினால் 1951ஆம் ஆண்டின் அமெரிக்க-பிலிப்பீன்ஸ் பரஸ்பரத் தற்காப்பு ஒப்பந்தம் குறுக்கே வரும். அதனால் சீனத் தரப்பு சுடுவதில்லை. நீரைப் பீய்ச்சுகிறது, படகால் இடிக்கிறது. அப்படியும் 2024 ஜூன் மோதலில் பிலிப்பீன்ஸ் மாலுமி ஒருவர் கட்டைவிரலை இழந்தார். அதற்குச் சில வாரம் முன்புதான், நம் ஊரில் நடந்த ஷங்ரிலா பாதுகாப்புக் கலந்துரையாடலில், தம் நாட்டவர் ஒருவர் வேண்டுமென்றே கொல்லப்பட்டால் அது போர்ச்செயலுக்கு மிக நெருக்கமானது என்று பிலிப்பீன்ஸ் அதிபர் மார்கோஸ் சொல்லியிருந்தார்.

கேள்வி: பெட்ரா பிராங்காவைப் போல இதையும் நீதிமன்றத்தில் தீர்க்கலாமே? (வாசகி, ஈசூன்)

பதில்: இரு தரப்பும் சம்மதித்தால் தீர்க்கலாம். சிங்கப்பூரும் மலேசியாவும் 2003இல் கையெழுத்திட்டு ஹேக் நகரிலுள்ள அனைத்துலக நீதிமன்றத்துக்குச் சென்றன. 2008 மே 23இல் பெட்ரா பிராங்கா தீவு நமக்கு, அருகிலுள்ள மிடில் ராக்ஸ் பாறைகள் மலேசியாவுக்கு என்று தீர்ப்பானது. ஒரு தரப்பு வராமலே நடக்கக்கூடிய கடல் சட்ட விசாரணையோ கடல் உரிமைகளோடு நின்றுவிடும். பிலிப்பீன்ஸ் தொடுத்து, சீனா பங்கேற்காத வழக்கில் 2016இல் தீர்ப்பாயம் அதைத்தான் செய்தது. எந்தப் பாறை யாருக்கு என்பதைத் தொடவே இல்லை.