கையிருப்பு குறைந்த ஆண்டின் கிறிஸ்மஸ்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

இம்மாதம் வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே கவலையைச் சுற்றி எழுதப்பட்டிருந்தன. சிலருக்கு வருமானம் குறைந்துவிட்டது, சிலருக்கு நின்றே போய்விட்டது. கையில் பணம் இருப்பவர்களுக்கும் சர்க்கரையும் மாவும் எரிவாயுவும் கேட்ட நேரத்தில் கிடைப்பதில்லை. இதற்கிடையே டிசம்பர் 25 நெருங்கிவருகிறது. ஆகவே இந்த இதழில் மற்றக் கேள்விகளை ஒதுக்கிவைத்து, இவற்றுக்கு மட்டுமே பதில் எழுதுகிறேன்.

கேள்வி: என் கணவரின் சம்பளம் பாதியாகக் குறைந்து ஐந்து மாதங்கள் ஆகின்றன. எங்களுக்கு 12 வயதில் ஒரு மகளும் 6 வயதில் ஒரு மகனும் இருக்கிறார்கள். இந்த ஆண்டு புத்தாடை, பரிசு, விருந்து எதுவும் வழக்கம்போல் இயலாது. கடைசி நாள்வரை எதுவும் சொல்லாமல் சமாளிக்கலாமா, இப்போதே சொல்லிவிடலாமா?

பதில்: இப்போதே சொல்லிவிடுங்கள் அம்மா. உங்கள் மகளுக்கு ஏற்கெனவே பாதி தெரிந்திருக்கும். பெற்றோர் தாழ்ந்த குரலில் பேசிக்கொள்வதையும், வாங்கிவரும் பையின் கனம் குறைவதையும் 12 வயதுப் பிள்ளை கவனிக்காமல் இருக்காது. நிலைமை எந்த அளவுக்கு மோசம் என்பது மட்டுமே அவளுக்குத் தெரியாது. அந்த அளவு தெரியாதபோது, உண்மையைவிடப் பெரிய அச்சம் ஒன்றைப் பிள்ளையின் மனம் தானாகவே கட்டிக்கொள்ளும்.

என் 10 வயதில் என் தந்தை வேலையை இழந்தார். வீட்டில் எவரும் அதை எங்களிடம் சொல்லவில்லை. 24ஆம் தேதி மாலைவரை நானும் தங்கையும் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தோம். புத்தாடை வராதது எங்களை வருத்தவில்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் இன்றுவரை மனத்தை உறுத்துவது, அன்றிரவு அம்மா எங்கள் முகத்தைப் பார்க்காமலேயே உணவு பரிமாறியதுதான். அடுத்த ஆண்டும் நிலைமை மாறவில்லை. எனினும் அம்முறை டிசம்பர் முதல் வாரத்திலேயே அப்பா எங்களை உட்காரவைத்து, கையில் எவ்வளவு இருக்கிறது என்று காட்டி, அதை எதற்குச் செலவிடலாம் என்று எங்களிடமே கேட்டார். வண்ணக் காகிதம் வேண்டுமென்று தங்கை சொன்னாள். அவ்வளவுதான் வாங்கினோம். அந்தக் காகிதத்தை வெட்டி ஒட்டிய மாலைப்பொழுதுகள்தாம் என் சிறுவயதுக் கிறிஸ்மஸ்களில் எனக்கு இன்னும் தெளிவாக நினைவிருப்பவை.

ஆகையால் சொல்லும்போது, இந்த ஆண்டு எவையெவை இல்லை என்பதை மட்டும் சொல்லி நிறுத்திவிடாதீர்கள். வழக்கம்போல் நடக்கப்போவது எது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். குடில் இருக்கும், ஆலயத்துக்குப் போவோம், பாட்டுப் பாடுவோம், எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து உண்போம் என்று அவர்கள் கேட்கட்டும். பிறகு, இருக்கும் தொகையில் ஒரு பகுதியைப் பற்றி முடிவெடுக்கும் உரிமையைப் பிள்ளைகளிடமே கொடுங்கள்.

உங்கள் மகனைப் பற்றி ஒன்று தனியாகச் சொல்ல வேண்டும். நல்ல பிள்ளைகளுக்குக் கிறிஸ்மஸ் தாத்தா பரிசு கொண்டுவருவார் என்று நம்பும் வயது அது. பக்கத்து வீட்டுப் பையனுக்கு மிதிவண்டியும் தனக்கு ஒரு பென்சில் பெட்டியும் வந்தால், தான் நல்ல பிள்ளையாக இல்லாமல் போய்விட்டோம் என்றே ஒரு 6 வயதுக் குழந்தை முடிவுசெய்யும். எனவே பெரிய பரிசுகளைப் பெற்றோர்தாம் வாங்குகிறார்கள், அவரவர் வசதிக்கேற்ப வாங்குகிறார்கள் என்பதை அவனிடம் தெளிவாகச் சொல்லுங்கள். வசதியுள்ள பெற்றோரிடமும் இதையே வேண்டிக்கொள்கிறேன்: தாத்தாவின் பெயரில் சிறியதைக் கொடுத்து, பெரியதை உங்கள் பெயரில் கொடுங்கள். உங்கள் பிள்ளையின் வகுப்பில் இந்த ஆண்டு எதுவும் பெறாத ஒரு குழந்தையாவது இருக்கும்.

காத்திருப்பதையும் கொண்டாட்டமாக ஆக்க முடியும். 1839ஆம் ஆண்டில், ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில் ஏழைச் சிறுவர்களுக்காக இல்லம் நடத்திவந்த யோஹான் ஹின்ரிக் விகர்ன் என்ற போதகர், கிறிஸ்மஸ் எப்போது வரும் என்று நாள்தோறும் கேட்டுக்கொண்டிருந்த பிள்ளைகளுக்காக ஒரு பழைய வண்டிச் சக்கரத்தை எடுத்து, அதன்மேல் மெழுகுவர்த்திகளைப் பொருத்தி, வாரநாட்களுக்குச் சிறியதும் ஞாயிற்றுக்கிழமைகளுக்குப் பெரியதுமாக நாளுக்கொன்று ஏற்றினார். இன்று பல ஆலயங்களில், கிறிஸ்மஸுக்கு முந்தைய வாரங்களான திருவருகைக் காலத்தில் வைக்கப்படும் மெழுகுவர்த்தி வளையம் அதிலிருந்து வந்ததுதான். உங்கள் வீட்டில் மெழுகுவர்த்திக்குப் பதிலாக ஓர் அட்டையில் நாளுக்கொரு காகித நட்சத்திரத்தை ஒட்டலாம். ஒட்டும் பொறுப்பை மகனிடம் விடுங்கள்.

எல்லாவற்றையும் 25ஆம் தேதி ஒரே நாளில் அடைத்துவிடவும் தேவையில்லை. கிறிஸ்து பிறப்புக் காலம் அன்றுதான் தொடங்குகிறது; குழந்தை இயேசுவைக் காண ஞானிகள் காணிக்கையோடு வந்ததை நினைக்கும் திருக்காட்சிப் பெருவிழா ஜனவரி 6இல் வருகிறது. பரிசை அந்த நாளுக்குத் தள்ளிவைப்பதும் பழைய மரபுக்கு உட்பட்டதே. பண்டிகை முடிந்ததும் விலை இறங்கும் பொருள்களை அதற்குள் வாங்கிக்கொள்ளலாம்.

கேள்வி: உறவினர் முன் தலைகுனிய வேண்டாமென்று, நகையை அடகுவைத்தாவது வழக்கம்போல் செய்துவிடலாம் என்கிறார் என் மாமியார். என்ன செய்வது?

பதில்: அடகு வைக்க வேண்டாம். அந்த நகை, நோயோ வேறோர் அவசரமோ வரும் நாளுக்கான கடைசிக் காப்பு. இப்போது வாங்கும் கடனின் வட்டி ஜனவரி முதல் உங்கள் வாடகையோடும் மருந்துச் செலவோடும் போட்டியிடும். மாமியாரிடம் மறுத்துப் பேசுவதைவிட அவரிடமே ஒரு பொறுப்பைக் கொடுத்துப் பாருங்கள். உறவினர் அனைவருக்கும் தொலைபேசியில் பேசி, இந்த ஆண்டு ஆளுக்காள் பரிசு வேண்டாம், பெயர்களைச் சீட்டில் எழுதிக் குலுக்கி ஒருவருக்கு ஒரு பரிசு மட்டும் கொடுப்போம் என்று மூத்தவர் என்ற முறையில் அவர் சொன்னால், நீங்கள் சொல்வதைவிட எளிதாக ஏற்றுக்கொள்வார்கள். அவர்களில் பலர், இதை யாராவது முதலில் சொல்ல மாட்டார்களா என்று காத்திருப்பவர்களாகவே இருப்பார்கள்.

கேள்வி: கடைக்குச் சர்க்கரையோ மாவோ வந்தது தெரிந்தால், பண்டிகைக்காக இரண்டு மூன்று மடங்கு வாங்கிவைக்கிறோம். இது தவறா?

பதில்: அடுத்த சில நாள்களின் தேவைக்கு வாங்குவது முன்யோசனை. வரிசையில் பின்னால் நிற்பவருக்கு இல்லாமல் போகும் அளவுக்கு வாங்குவது வேறு. தட்டுப்பாடு பெருகும் விதத்தை எண்ணிப் பாருங்கள்: நாளை கிடைக்காது என்ற அச்சத்தில் ஒவ்வொரு வீடும் ஒரு கிலோவுக்குப் பதில் மூன்று கிலோ வாங்கினால், முப்பது வீடுகளுக்குப் போதுமான பொருள் பத்து வீடுகளோடு தீர்ந்துவிடுகிறது, வெறுங்கையோடு திரும்பிய இருபது குடும்பங்களும் அடுத்த முறை இன்னும் முன்னதாக வந்து இன்னும் அதிகமாக வாங்கும்.

இந்தக் கேள்வி திருச்சபைக்குப் புதியதன்று. நான்காம் நூற்றாண்டில், இன்றைய துருக்கியிலுள்ள செசரியா பகுதியைக் கடும் பஞ்சம் வாட்டியது. பின்னாளில் அந்நகரின் ஆயரான (பிஷப்) பசிலியார், தானியத்தைப் பூட்டிவைத்தவர்களை நோக்கிக் கடுமையாகப் பேசினார். பசித்தோருக்கு உணவளிக்கும் ஏற்பாட்டையும் செய்தார். தன் களஞ்சியத்தை இடித்துப் பெரிதாகக் கட்ட நினைத்த செல்வனைப் பற்றி லூக்கா நற்செய்தியின் 12ஆம் அதிகாரம் கூறும் உவமையை விளக்கியபோது, நீ பிடித்துவைத்திருக்கும் அப்பம் பசித்தவனுடையது, உன் பெட்டியில் கிடக்கும் ஆடை ஆடையில்லாதவனுடையது என்ற பொருளில் அவர் சொன்னவை இன்றும் நேராக வந்து தைக்கின்றன.

வாங்கியதைத் திருப்பிக் கொடுக்க இயலாது. ஆனால் அலமாரியைத் திறந்து, வேண்டியதுபோக மிஞ்சுவதை அளந்து, வரிசையில் நிற்க முடியாத முதியவர் உங்கள் தெருவில் இருந்தால் அவர் வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுக்கலாம்.

கேள்வி: எரிவாயு எப்போது தீருமோ தெரியவில்லை, மின்தடையும் உண்டு. கேக் இல்லாமல் ஒரு கிறிஸ்மஸா?

பதில்: பெத்லகேமில் கேக் இருக்கவில்லை என்று சொல்லி உங்கள் ஏக்கத்தைத் தள்ளிவிட நான் விரும்பவில்லை. ஆண்டுதோறும் ஒரே வாசனையோடு விடியும் நாள், அந்த வாசனை இல்லாமல் விடிந்தால் மனம் வெறுமையாகத்தான் இருக்கும். ஆகவே ஒன்றை மட்டுமாவது காப்பாற்றுங்கள்: உங்கள் வீட்டுக்கு எந்த ஒரு பண்டம் கிறிஸ்மஸின் அடையாளமோ அதைச் சிறிய அளவில், ஆளுக்கு ஒரு துண்டு வரும்படி செய்துவிட்டு மற்றவற்றை விட்டுவிடுங்கள். இரண்டு மூன்று வீடுகள் சேர்ந்து மாவையும் சர்க்கரையையும் போட்டு, ஒரே வீட்டு அடுப்பில் செய்து பங்கிட்டால் எரிபொருளும் மிஞ்சும்.

பருப்பு, பயறு வகைகளை முதல்நாள் இரவே ஊறவையுங்கள். வேகும் நேரம் வெகுவாகக் குறையும். கொதி வந்தபின் தீயைக் குறைத்து மூடி போட்டு வேகவிடுங்கள். முழுத் தீயில் கொதிக்கவிட்டாலும் நீரின் வெப்பம் அதற்குமேல் ஏறாது, வாயுதான் வீணாகும்.

மின்தடையைப் பற்றி எழுதியிருப்பதால் ஓர் எச்சரிக்கை. குடில் என்பது வைக்கோலும் காகிதமும் அட்டையும் சேர்ந்தது. அதற்குள்ளோ அருகிலோ மெழுகுவர்த்தி ஏற்றாதீர்கள். வெளிச்சம் வேண்டுமானால் குடிலிலிருந்து தள்ளி, திரைச்சீலை படாத இடத்தில், அகன்ற தட்டில் சிறிது நீர் ஊற்றி அதன் நடுவே மெழுகுவர்த்தியை நிறுத்துங்கள். உறங்கப் போகும்முன் அணைத்துவிட்டதைப் பெரியவர் ஒருவர் பார்த்து உறுதிசெய்ய வேண்டும்.

கேள்வி: எங்கள் ஆலயக் குழுவில், அலங்காரத்தைக் குறைத்தால் விழா களையிழந்துவிடும் என்று ஒரு சாராரும், குறைத்தே ஆக வேண்டும் என்று மறுசாராரும் வாதிடுகிறார்கள்.

பதில்: குறைப்பதே சரி என்பது என் எண்ணம். 1223ஆம் ஆண்டு கிறிஸ்மஸ் இரவில், இத்தாலியின் கிரேச்சோ என்ற ஊரில் அசிசி நகர் பிரான்சிஸ் குடிலை அமைத்தபோது, அங்கே இருந்தவை ஒரு தீவனத் தொட்டியும் வைக்கோலும் உயிருள்ள ஒரு மாடும் கழுதையுமே. குழந்தை இயேசு எத்தகைய வசதிக்குறைவில் பிறந்தார் என்பதை மக்கள் கண்ணால் காண வேண்டும் என்பதே அவருடைய விருப்பம். உலகெங்கும் குடில் பரவியதற்கு அந்த இரவு பெரிதும் காரணமாயிற்று. களை போய்விடுமோ என்று அஞ்சுபவர்களைப் பாடல் குழுவுக்குப் பொறுப்பாக்குங்கள். நன்றாகப் பயின்று பாடிய ஆலயம் விளக்குகள் குறைந்தாலும் நிறைந்தே இருக்கும். மிச்சமாகும் தொகை எந்தத் தேவைக்குப் போகிறது என்பதை விழாவுக்கு முன்பே சபைக்கு அறிவித்துவிடுங்கள்.

கேள்வி: எங்களுக்குப் பெரிய குறையில்லை. எதிர்வீட்டில் சிரமப்படுகிறார்கள் என்று தெரியும், தன்மானம் மிக்கவர்கள். அவர்கள் மனம் நோகாமல் எப்படி உதவுவது?

பதில்: மகள்களுக்கு மணம் முடிக்க வழியில்லாத ஓர் ஏழைத் தந்தையின் வீட்டுக்குள் இரவில் யாருமறியாமல் பொன்முடிப்பை எறிந்துவிட்டுப் போனார் என்று மைரா நகரின் ஆயர் நிக்கோலாவைப் பற்றி ஒரு மரபுக் கதை உண்டு. கிறிஸ்மஸ் தாத்தாவின் மூலவர் அவர்தான். அவர் கொடுத்ததைவிட, தம் முகத்தைக் காட்டாமல் கொடுத்த விதத்தையே அந்தக் கதை நினைவில் வைத்திருக்கிறது. நீங்களும் போதகர் அல்லது பங்குத்தந்தை வழியாகப் பெயர் சொல்லாமல் கொடுத்தனுப்பலாம்.

நேரில் கொடுப்பதாக இருந்தால், பதிலுக்கு அவர்களிடமிருந்தும் ஏதாவது ஒன்றைக் கேளுங்கள். அவர்கள் வீட்டுப் பெண் நன்றாகத் தைப்பாரென்றால் ஒரு தையல் வேலையைக் கொடுத்து, உரிய கூலியைவிடச் சற்றுக் கூடுதலாகவே கொடுங்கள். கூட்டாகச் சமைப்போம், நீங்கள் உழைப்பைத் தாருங்கள், நாங்கள் பொருளைத் தருகிறோம் என்று சொல்லலாம். கொடுத்ததைப் படம் எடுக்காதீர்கள். மூன்றாவது ஒருவரிடம் சொல்லாதீர்கள். உங்கள் பிள்ளைகளும் சொல்லிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். டிசம்பரோடு நிறுத்திவிடவும் வேண்டாம், ஏனெனில் பண்டிகைக் காலத்தில் பல கைகள் நீளும். பிப்ரவரியில் அந்த வீட்டுக் கதவை யாரும் தட்டுவதில்லை.

கேள்வி: வேலை போய் எட்டு மாதங்கள் ஆகின்றன. புத்தாடை இல்லை, காணிக்கை போடவும் வழியில்லை. எல்லோர் முன்னும் போய் நிற்க மனமில்லாததால் இந்த ஆண்டு ஆலயத்துக்குப் போக வேண்டாம் என்றிருக்கிறேன். இது பாவமா?

பதில்: உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். இதைப் பாவம் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் போகாமல் இருந்துவிடாதீர்கள் என்று உரிமையோடு கேட்டுக்கொள்கிறேன். லூக்கா நற்செய்தியின் 2ஆம் அதிகாரத்தில், பலரும் வேகமாகக் கடந்துபோகும் ஒரு வசனம் இருக்கிறது. குழந்தையைக் கோவிலுக்குக் கொண்டுவந்த மரியாவும் யோசேப்பும் ஒரு சோடி புறாக்களைக் காணிக்கையாகக் கொடுக்க வந்தார்கள் என்கிறது 24ஆம் வசனம். மகப்பேற்றுக்குப் பிறகு ஓர் ஆட்டுக்குட்டியையும் ஒரு புறாவையும் கொண்டுவர வேண்டும்; ஆட்டுக்குட்டிக்கு வசதியில்லாதவள் இரண்டு புறாக்களைக் கொண்டுவந்தால் போதும் என்பது பழைய ஏற்பாட்டில் லேவியர் ஆகமத்தின் 12ஆம் அதிகாரத்திலுள்ள சட்டம். அதாவது ஏழைகளுக்கென்று விதிக்கப்பட்ட காணிக்கையைத்தான் அந்தக் குடும்பம் எல்லோர் கண்ணெதிரிலும் கொடுத்தது. அதே நாளில்தான் முதியவர் சிமியோன் அந்தக் குழந்தையைக் கையில் ஏந்திக் கடவுளைப் போற்றினார்.

துவைத்து மடித்த பழைய சட்டை போதும். காணிக்கைத் தட்டு வரும்போது அதை அடுத்தவர் கைக்கு மாற்றிவிடுங்கள்; யாரும் கணக்குப் பார்ப்பதில்லை. கூட்டத்தைச் சந்திக்க அன்று மனம் ஒப்பவில்லை என்றால், ஆள் குறைவாக இருக்கும் வேளையின் வழிபாட்டுக்குப் போய்ப் பின்வரிசையில் உட்காருங்கள். முடிந்தால் இந்த வாரமே உங்கள் போதகரிடமோ பங்குத்தந்தையிடமோ வேலை இல்லாததைச் சொல்லிவையுங்கள். எந்த வீட்டில், எந்தக் கடையில் ஆள் தேடுகிறார்கள் என்ற செய்தி பெரும்பாலும் அவர்கள் காதுக்கு வரும். போய் வந்தபின் எனக்கு இரண்டு வரி எழுதுங்கள், காத்திருப்பேன்.