பிறருக்கு முதலிடம் கொடுக்கும் கிறிஸ்தவ ஆணுக்கு வீட்டில் ஏன் கெட்ட பெயர்?

கேள்வியைச் சுருக்கிச் சொன்னால் இதுதான். கல்யாணமாகி இரண்டு பிள்ளைகள், சபைக் காரியம் எதுவானாலும் முதல் ஆளாக நிற்கிறார், யார் கூப்பிட்டாலும் ஓடுகிறார், இப்போது கமிட்டிக்கும் நிற்கச் சொல்லிக் கேட்கிறார்கள். வீட்டில் மட்டும் சண்டை. பிறரை முன்னால் வைக்கச் சொல்லி வேதமே சொல்லும்போது மனைவிக்கு ஏன் இது புரியவில்லை என்கிறார்.

உங்கள் மனைவிக்கு நன்றாகவே புரிந்திருக்கும் தம்பி.

நான் தூத்துக்குடி மாவட்டத்து நாசரேத் பக்கம். எங்கள் பக்கத்தில் அறுப்பின் பண்டிகை என்றால் ஆராதனை முடிந்ததும் ஏலம்தான். காணிக்கையாக வந்த வாழைத்தார், பூசணிக்காய், சேவல், கருப்பட்டி என்று ஒவ்வொன்றாகக் கூவுவார்கள், ஒரு தேங்காய் ஆயிரக்கணக்கில் போகும், அது தேங்காயின் விலை இல்லை என்று எல்லாருக்கும் தெரியும். என் பெரியப்பா ஏலத்தில் பெரிய கை. ஒரு வருஷம் அவரும் பம்பாயிலிருந்து வந்த ஒருத்தரும் ஒரு வாழைத்தாருக்கு விட்டுக்கொடுக்காமல் ஏற்றிக்கொண்டே போய்க் கடைசியில் பெரியப்பா எடுத்தார். கைதட்டல், ஐயர் (எங்கள் பக்கம் சபைப் போதகரை அப்படித்தான் சொல்வோம்) மைக்கில் பெயரைச் சொல்லி ஸ்தோத்திரம். பெண்கள் பக்கம் பாயில் பெரியம்மா உட்கார்ந்திருந்தார். அவர் கண்ணாடியின் ஒரு கால் ஒடிந்து, அந்த இடத்தில் வெள்ளை நூலை இறுக்கிச் சுற்றியிருந்தது. பாமாலைப் பாட்டுப் புத்தகத்தைப் பார்த்துக் குனிந்தால் சரியும், ஒரு விரலால் மூக்கில் அழுத்திப் பிடித்துக்கொண்டேதான் பாடுவார். மாற்ற வேண்டும் என்று கேட்டால் வரும் பதில் 'பாப்போம்'. அந்தத் தாரைப் பெரியப்பா தெரு முழுக்கச் சீப்புச் சீப்பாகக் கொடுத்தார் என்று பெயர். அறுத்துப் பிரித்து வெயிலில் வீடு வீடாக நடந்தது பெரியம்மா. பக்கத்து வீட்டு அக்கா 'உங்க வீட்டுக்காரர மாதிரி உண்டா' என்றதற்கு அவர் சொன்னார்: "ஆமா, அவ்வொளுக்கு தூரத்துப் பார்வை நல்லாத் தெரியும்."

பெரியப்பா கெட்டவர் இல்லை. நடு ராத்திரியில் யாருக்காவது வலி என்றால் வண்டி எடுப்பது அவர்தான், அதில் நடிப்பும் கிடையாது. ஆனால் அவர் செய்த தியாகத்தில் பெரும்பகுதி பெரியம்மா கணக்கில்தான் பற்று எழுதப்பட்டது. உங்கள் வீட்டுச் சண்டையும் இதுவாகத்தான் இருக்கும். நீங்கள் ராத்திரி ஒன்பது மணிக்குக் கூட்டம் முடிந்து வருகிறீர்கள் என்றால் அதுவரை பிள்ளைகளுக்கு வீட்டுப்பாடம் சொல்லிக்கொடுத்தது யார், திடீரென்று நான்கு பேரைச் சாப்பிடக் கூட்டிவந்தால் மறுபடி உலை வைப்பது யார்?

வேதத்தைத்தானே கேட்டீர்கள், சரி. மாற்கு 7-ஆம் அதிகாரத்தில் கொர்பான் விஷயம் வரும். தாய் தகப்பனுக்குச் செய்ய வேண்டியதைத் தேவனுக்குக் காணிக்கை என்று சொல்லிவிட்டால் அவர்களுக்கு ஒன்றும் செய்ய வேண்டாம் என்று ஒரு ஏற்பாடு வைத்திருந்தார்கள். தேவவசனத்தை அவமாக்குகிறீர்கள் என்று இயேசு நேராகவே சொன்னார். பவுல் இன்னும் கடுமை: தன் வீட்டாரை விசாரியாதவன் 'அவிசுவாசியிலும் கெட்டவன்' (1 தீமோத்தேயு 5:8). இந்த வசனத்தை ஏலத்தன்றைக்கு யாரும் வாசித்து நான் கேட்டதில்லை.

அதற்காக வெளியே எட்டிப் பார்க்காதீர்கள் என்று சொல்லவில்லை. 2023 டிசம்பர் 17, 18-இல் பெய்த மழை நம் பக்கத்து ஆட்களுக்கு மறக்காது, காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர். செந்தூர் எக்ஸ்பிரஸ் சுமார் 800 பயணிகளோடு ஸ்ரீவைகுண்டத்தில் மாட்டிக்கொண்டபோது, பக்கத்துப் புதுக்குடி ஊர்க்காரர்கள் வெள்ளத்துக்கு நடுவே இருந்ததை வைத்துச் சமைத்துப் போட்டார்கள். அம்மன் கோயிலில்தான் அடுப்பு எரிந்தது, நாம் மட்டும்தான் பிறரை நினைக்கிறோம் என்ற எண்ணம் நமக்கு வேண்டாம். அங்கே ஒருத்தர் நல்ல பெயர் வாங்க இன்னொருத்தர் உழைத்ததாக இல்லை, ஊரே சேர்ந்து செய்தது. நம் சபைகளில் பிடியரிசியும் அப்படித்தான். உலையில் போடுமுன் ஒரு கை அரிசி எடுத்துத் தனிப்பானையில் போடுவார் என் அம்மா, அது எங்கள் எல்லாருடைய சோற்றிலிருந்தும் குறைவது, எடுப்பது எங்களுக்குத் தெரிந்தே நடக்கும், யாரும் மைக்கில் அவர் பெயரை வாசித்ததில்லை.

சபையார் எல்லாரும் சேர்ந்து சாப்பிடும் அசனப் பண்டிகையில் பார்த்திருப்பீர்கள், வாளி தூக்கிப் பரிமாற இளைஞர்கள் முட்டி மோதுவார்கள், சாயங்காலம் அடிப்பிடித்த அண்டாவைத் தேய்க்க ஆள் தேட வேண்டும். வீட்டிலும் அண்டா மாதிரி வேலைகள் இருக்கின்றன. எங்கள் வீட்டில் அது மாமியாரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போவது. சீட்டு எடுத்து, வரிசையில் உட்கார்ந்து, மாத்திரை வாங்கித் திரும்ப அரை நாள் போய்விடும். அதை நான் எடுத்துக்கொண்டேன், பாடகர் குழுப் பயிற்சிக்குச் சில வாரம் போக முடியவில்லை. குழுவில் கொஞ்சம் முணுமுணுப்பு, அவ்வளவுதான்.

அப்புறம் கமிட்டி விஷயம். அது சில வருஷப் பொறுப்பு, மற்றவர்களிடம் சரி சொல்லுமுன் மனைவியிடம் கேளுங்கள். நான் நிற்கப் போகிறேன் என்று தகவலாகச் சொல்லாமல், நிற்கட்டுமா என்று கேளுங்கள், வேண்டாம் என்று அவர் சொல்ல இடம் இருக்கட்டும். வேண்டாம் என்றால் இந்தத் தடவை விட்டுவிடுங்கள். ஐயரிடம் காரணம் சொல்லும்போது 'வீட்டுல விடமாட்டேங்குதாவ' என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். எனக்கு வீட்டில் வேலை இருக்கிறது என்றால் போதும்.