முன்பள்ளிப் பிள்ளைகளுக்கு நிறக் கலப்பை எப்படிச் சொல்லிக் கொடுப்பது?

இலங்கையில் ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்ட முன்பள்ளிக்கு எந்த நிறங்களில் பெயிண்ட் வாங்கலாம் என்று கேட்டிருந்தீர்கள். சிவப்பு, மஞ்சள், நீலம், கொஞ்சம் வெள்ளை போதும். பச்சை வாங்கவே வேண்டாம். அதைப் பிள்ளைகளே உண்டாக்கட்டும்.

மஞ்சளை நிறைய வைத்து, அதில் ஒரு சொட்டு நீலம் மட்டும் விடச் சொல்லுங்கள். நீலம் மஞ்சளைச் சுலபமாக விழுங்கிவிடும். மாற்றிச் செய்தால் பெயிண்ட்தான் வீண். முதல் சொட்டுகளில் கொழுந்தின் இளம்பச்சை வரும். நீலம் கூடக் கூட அடர்த்தியாகும். அப்புறம் துளி சிவப்பு சேர்த்தால் பளிச்சென்ற தன்மை அடங்கி, முற்றிய தேயிலையின் பச்சைக்குக் கிட்ட வந்துவிடும். இரண்டு வகை இலையையும் பறித்துப் பக்கத்தில் வைத்து ஒப்பிடச் சொல்லுங்கள். மாதிரிக்கா மலையில் பஞ்சம்?

ஏன் பச்சை? மஞ்சள் பெயிண்ட் நீல ஒளியை உறிஞ்சுகிறது, நீலப் பெயிண்ட் சிவப்பு ஒளியை. இரண்டுக்கும் தப்பி நம் கண்ணுக்கு வருவது பச்சை. நான்கு வயதுக்கு இந்த விளக்கம் தேவையில்லை, உங்களுக்காகச் சொன்னேன்.

ஊதாதான் ஏமாற்றும். செம்மஞ்சள் சாயல் உள்ள சிவப்பு என்றால் நீலத்தோடு சேர்ந்து மண்நிறமாகிவிடும். ரோஸ் சாயல் உள்ள சிவப்பாகப் பார்த்து வாங்குங்கள்.