பழைய ஜீப் பிக்கப்பில் பின் ஆக்சில் மாற்றுவது: கேட்டதும் சொன்னதும்

உச்சிப்புளிப் பட்டறையில் ஒரு பழைய மஹிந்திரா ஜீப் பிக்கப்புக்குப் பிந்தைய மாடல் பின் ஆக்சில் (இரண்டு பின் வீலையும் தாங்கிச் சுற்றவைக்கும் குறுக்குத் தொகுதி) ஏற்றிய படங்களைப் போட்டிருந்தேன். அதைப் பார்த்துக் கேட்டவர்களுக்கு, அவரவர் ஊர்ப்பெயர் போட்டு, என் பதில்கள்.

தங்கச்சிமடம்: அண்ணே, மீன் லோடு ஓட்டுற வண்டி. பின் வீல் ஹப்புல (வீல் மாட்டுற நடுப்பாகம்) சாவி (ஹப்பை ஷாஃப்டோட பூட்டுற இரும்புத் துண்டு) அடிக்கடி வெட்டிக்குது. ஆக்சிலையே மாத்திடலாமா?

அவசரப்படாதே தம்பி. வீலைச் சுற்றவைக்கும் பழைய ஷாஃப்டின் நுனி கூம்பாக இருக்கும். ஹப் அந்தக் கூம்பைக் கவ்விப் பிடிப்பதால்தான் வீல் சுற்றுகிறது. சாவி வெறும் துணைக்கு. நட்டு தளர்ந்தால் கவ்வல் போய், மொத்தச் சுமையும் சாவி மேல் விழுந்து வெட்டிக்கொள்ளும். பிரேக் டிரம்மைக் கழற்றிக் கூம்பைப் பார். ஒரே சீராக மங்கலாக இருந்தால் நட்டை முறையாக இறுக்கினாலே போதும். அங்கங்கே பளபளத்து, சாவிக்குழி அகண்டிருந்தால் ஷாஃப்டும் ஹப்பும் ஜோடியாக மாற்று. செலவு ஆக்சிலில் கால்வாசிகூட வராது.

ஆனால் உன் வண்டியில் ஐஸ் பெட்டித் தண்ணீர் எங்கே விழுகிறது என்று குனிந்து பார்த்திருக்கிறாயா? பலகை இடுக்கு வழியாக நேரே ஆக்சில் ஹவுசிங் (வெளிக்கூடு) மேல், அதைப் பட்டை ஸ்பிரிங்கோடு கட்டும் யூ போல்ட் மேல், பிரேக் பைப் மேல். போன மாதம் வந்த ஒரு வண்டியின் ஹவுசிங்கைச் சுத்தியலால் தட்டினேன், துரு அப்பளம் அப்பளமாக உதிர்ந்தது. அந்த நிலைக்கு வந்திருந்தால் மாற்றத்தான் வேண்டும். புதுசில் ஷாஃப்டும் ஃபிளாஞ்சும் (வீல் மாட்டும் வட்டத் தகடு) ஒரே துண்டு, சாவித் தொல்லையே இல்லை.

மண்டபம்: காயலாங்கடையில ஆக்சில் பார்த்து வச்சிருக்கேன். என்னென்ன அளக்கணும்?

வீல் உட்காரும் முகத்திலிருந்து மறுபக்க முகம் வரை ஒரு அளவு. பட்டை ஸ்பிரிங் உட்காரும் இரண்டு இடத்துக்கும் நடுவே ஒரு அளவு. பிறகு போல்ட் வட்டம், அதாவது வீல் போல்ட்டுகள் அமைந்த வட்டத்தின் விட்டம். பழைய ஜீப்புக்கு ஐந்து போல்ட், 139.7 மி.மீ. வட்டம். ஐந்து போல்ட்டில் குறுக்கே அளக்க முடியாது. பக்கத்துப் பக்கத்துப் போல்ட் மையத்துக்கு இடையே அளந்து 1.701-ஆல் பெருக்கு. ஏறக்குறைய 82 மி.மீ. வந்தால் உன் வீல் உட்காரும்.

கிரவுன் பினியன் (ஆக்சிலுக்குள் சுழற்சியை வீலுக்குத் திருப்பும் பல்சக்கர ஜோடி) கணக்கைத் தகட்டை நம்பி எடுக்காதே. தகடு ஒன்று சொல்லும், உள்ளே வேறு பல் இருக்கும். ஒரு பக்க டிரம்மை அசையாமல் பிடித்துக்கொண்டு மறுபக்கத்தை முழுசாக இரண்டு சுற்று சுற்று. பினியன் ஃபிளாஞ்ச் எத்தனை சுற்று வருகிறதோ அதுதான் ரேஷியோ, அதாவது இரண்டு வீலும் சேர்ந்து ஒரு சுற்று சுற்றப் பினியன் சுற்றும் எண்ணிக்கை. சாக்பீஸால் கோடு போட்டுக்கொண்டால் எண்ணுவது சுலபம்.

இன்னொன்று. பழைய ஜீப்பில் பின் ஆக்சிலுக்குச் சுழற்சி கொண்டுவரும் புரோபெல்லர் ஷாஃப்ட் நடுவில் ஓடாது, ஒரு பக்கம் ஒதுங்கியிருக்கும். கிரவுன் பினியன் இருக்கும் டிஃபரன்ஷியல் உருண்டையும் அதே பக்கம். நடு உருண்டை ஆக்சில் வாங்கினால் புரோபெல்லர் ஷாஃப்ட் சாய்ந்து ஓடும். கொஞ்சம் சாய்வு பரவாயில்லை, கிராஸ் (ஷாஃப்ட் மடங்கும் மூட்டு) தாங்கும்; அதிகமானால் கிராஸ் மாற்றியே காசு போகும்.

டிரம், பிரேக் பிளேட், ஃபிளாஞ்ச் எல்லாம் சேர்த்தே வாங்கு. பிறகு தனித்தனியாகத் தேடினால் ஆக்சில் விலைக்கு மேல் ஆகும். யூ போல்ட் மட்டும் எப்போதும் புதுசு.

ராமேஸ்வரம்: என்னுது போர் வீல் (நாலு வீலும் இழுக்குற) வண்டி. முன் ஆக்சில் பழசாவே இருக்கட்டுமா?

இதில்தான் நிறையப் பேர் மாட்டிக்கொள்கிறார்கள். 2017-இல் அரிச்சல்முனை வரை தார் ரோடு வருவதற்கு முன், முகுந்தராயர் சத்திரத்தைத் தாண்டினால் மணல்தான். அந்த நாளில் தனுஷ்கோடி டிரிப் அடித்த வண்டிகளில் முன்னும் பின்னும் ஒரே ரேஷியோ. முன்னால் 5.38, பின்னால் 4.09 என்று வைத்துப் போர் வீல் போட்டால், பின் வீல் நூறு சுற்று சுற்ற முன் வீல் எழுபத்தாறுதான் சுற்றப் பார்க்கும். இரண்டு மாட்டை வேறு வேறு வேகத்தில் ஒரே நுகத்தில் பூட்டிய மாதிரி. மணலில் முன் வீல் வழுக்கி ஓரளவு சமாளிக்கும், தாரில் டிரான்ஸ்ஃபர் கேஸ் (முன்னுக்கும் பின்னுக்கும் சுழற்சியைப் பிரிக்கும் பெட்டி) பல்லைத் தின்றுவிடும். முன்னுக்கும் அதே ரேஷியோ கிரவுன் பினியன் போடு. முடியாவிட்டால் முன் புரோபெல்லர் ஷாஃப்டைக் கழற்றிவிட்டு டூ வீலாகவே ஓட்டு. 4.09-உம் 4.10-உம் போன்ற சின்ன வித்தியாசம் ஒன்றும் செய்யாது.

ஸ்பீடோமீட்டரும் பொய் சொல்லும். ஜீப்பில் கேபிள் வருவது டிரான்ஸ்ஃபர் கேஸிலிருந்து. 5.38-ஐ எடுத்து 4.09 போட்ட இதே மாற்றத்துக்கு நிஜ வேகம் 60 என்றால் முள் 46-ஐத் தொட்டு நிற்கும்.

கீழக்கரை: காக்கா, வேற பட்டறையில மாத்துனோம். 50-ஐத் தாண்டினா வண்டி பூரா அதிருது.

ஆக்சிலில் பட்டை உட்காரும் தகட்டுக்கு வெல்டிங் வைக்கும்போது வண்டி ஜாக்கியில் தொங்கிக்கொண்டிருந்திருக்கும், சரியா? வண்டி சக்கரத்தில் நிற்க வேண்டும், பட்டை அதன் எடையில் அமர வேண்டும், அப்புறம்தான் பினியன் சாய்வைப் பார்க்க வேண்டும். டிரான்ஸ்ஃபர் கேஸ் ஃபிளாஞ்சும் ஆக்சில் ஃபிளாஞ்சும் ஒன்றுக்கொன்று இணையாக வரணும். பட்டை ஸ்பிரிங் என்பதால் பினியன் மூக்கை ஒன்றிரண்டு டிகிரி கீழே விடு. இழுக்கும்போது அது மேலே எழும்பிச் சரியாகிவிடும். நான் முதலில் புள்ளி வெல்டிங் மட்டும் வைத்துச் சாய்வு சரிபார்த்த பிறகே முழு வெல்டிங் ஓட்டுவேன். அதுவும் நீளமாக ஓட்டினால் குழாய் வளையும். விட்டு விட்டு, ஆறவிட்டு. எர்த் கிளாம்பை டிரம்மில் மாட்டினால் கரண்ட் பேரிங் வழியாகப் பாய்ந்து அதில் பொத்தல் போடும்.

மறுபடி வெட்டாமலே பார்க்கலாம்: பட்டைக்கும் ஆக்சிலுக்கும் நடுவே ஆப்புத் தகடு வைத்துச் சாய்வை மாற்று. அதற்கு முன் புரோபெல்லர் ஷாஃப்டின் இரண்டு நுனி யோக்கும் (கிராஸைப் பிடிக்கும் கவை) ஒரே கோட்டில் இருக்கிறதா பார். ஒரு பல் தள்ளி மாட்டியிருந்தாலே இந்த அதிர்வு வரும்.

சாயல்குடி: புது ஆக்சிலுக்கு அப்புறம் வெறும் வண்டியில பிரேக் போட்டா பின்பக்கம் வழுக்குது.

புது ஆக்சிலில் பிரேக்கை அழுத்தும் வீல் சிலிண்டர் பெரிசு. புது பிக்கப்புகளில் லோடுக்குத் தக்கபடி பின் பிரேக்கைக் குறைக்கும் வால்வு ஒன்று உண்டு, அதன் கம்பி ஆக்சிலோடு சேர்ந்திருக்கும். நீங்கள் ஆக்சிலை எடுத்தீர்கள், வால்வை விட்டுவிட்டீர்கள். அதைப் பொருத்துங்கள், இல்லை சின்ன துளை சிலிண்டர் போடுங்கள். அதுவரை மழையில் ஓட்டாதீர்கள்.

தொண்டி: படகு இழுக்க அலைக்குள்ள இறக்குவோம். ஆயில் பால் காப்பி கலர்ல வருது.

ஓடிச் சூடான ஆக்சிலைச் சட்டென்று தண்ணீரில் இறக்கினால் உள்ளே இருக்கும் காற்று சுருங்கி, பிரீதர் என்ற காற்றுத் துளை வழியாகக் கடல் தண்ணீரை உறிஞ்சும். ரப்பர் குழாய் போட்டுப் பிரீதரை பாடி உயரத்துக்கு ஏற்றுங்கள். ஆயிலை இன்றைக்கே மாற்றுங்கள், உப்பு பேரிங்கில் ஒரு நாள் நின்றாலே தழும்பு விழும்.

ராமநாதபுரம்: ஆர்சியில பிரச்சினை வருமா?

1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவுப்படி, ஆர்சியில் பதிந்திருக்கும் கம்பெனி விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது. 2019-இல் உச்ச நீதிமன்றமும் அதையே உறுதி செய்தது. முதலில் ஆர்டிஓ ஆபீசில் கேட்டுவிட்டு வேலையைத் தொடங்கு.

பாம்பன்: ஒரே நாள்ல முடிஞ்சிடுமா அண்ணே?

கழற்றி ஏற்ற ஒரு நாள். புரோபெல்லர் ஷாஃப்டை வெட்டி பேலன்ஸ் செய்ய லேத்துக்குக் கொடுத்தால் அது எப்போது வரும் என்பது லேத்துக்காரர் கையில். கழற்றும் முன் நாலு சக்கரத்துக்கும் கட்டை போடு. பழைய ஜீப்பில் ஹேண்ட் பிரேக் வீலில் இல்லை, டிரான்ஸ்ஃபர் கேஸில் இருக்கிறது. புரோபெல்லர் ஷாஃப்ட் போனால் அதுவும் போச்சு. எனக்கு அது தெரியாத வயசில், கடைசிப் போல்ட்டைக் கழற்றியதும் வண்டி மெதுவாக நகர்ந்து பட்டறைச் சரிவில் இறங்கிச் சீமைக்கருவேலப் புதருக்குள் போய் நின்றது. வெளியே இழுத்தபோது ஒரு டயரில் மட்டும் பதினோரு முள் எண்ணினேன்.